அரச பணியகங்களும் ஓட்டிசமுடையோரும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் அரசாங்க சேவையினுள் எவர் நுழையலாம், எவர் நுழைதல் அரிது என்பதை ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வோர் அளவுகோல் தீர்மானித்து வந்துள்ளது. பிரித்தானியர் காலத்தில் அது ஆங்கிலக் கல்வியாக இருந்தது. 1956ஆம் ஆண்டின் பின்னர் சிங்கள மொழித் தேர்ச்சியாயிற்று. இவ்விரண்டைப் பற்றியும் தமிழில் நிறையவே எழுதப்பட்டுள்ளது. ஆயின், எந்தச் சட்டத்திலும் சுற்றறிக்கையிலும் எழுதப்படாத மூன்றாவதோர் அளவுகோல் எல்லாக் காலத்திலும் தொழிற்பட்டே வந்துள்ளது. நேர்முகப் பரீட்சைக்கு வருபவர் எதிரில் இருப்பவரின் கண்ணை நோக்கிப் பேசுகின்றாரா, கேட்ட மாத்திரத்தில் விடை பகர்கின்றாரா, நாலு பேருடன் ஒத்துப்போகக் கூடியவராகத் தோன்றுகின்றாரா என்பதே அது. ஓட்டிசம் உடையோர் பெரும்பாலும் தடுக்கப்படுவது இவ்விடத்திலேயாகும்.

இப்பொருளை ஆராய்வதற்குத் தெமட்டகொடை பொருத்தமானதொரு களமாகும். 'தெமட்ட' என்னும் சிங்களச் சொல் குமிழ் இனத் தாவரத்தைக் குறிப்பது. இன்று அவ்விடத்தில் குமிழைத் தேடிக் காண்பது எளிதன்று. புகையிரத நிலையமும், எஞ்சின்களைப் பழுதுபார்த்து நிறுத்தும் கொட்டகையும், பேஸ்லைன் வீதியின் ஓயாத வாகன ஒலியும், மூவினத்தவரும் நெருங்கி வாழும் தோட்டக் குடியிருப்புகளுமே அதன் அடையாளங்கள். கொழும்பு மாநகரின் ஒன்பதாம் வட்டகையான இது, அரசாங்கமே பெரிய தொழில் வழங்குநராக விளங்கும் பகுதிகளுள் ஒன்று. அயலிலுள்ள பொரளையில் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை அமைந்துள்ளது. தெமட்டகொடையில் பிறந்த ஒரு குழந்தையின் ஓட்டிசம் அவ்வைத்தியசாலையில் மூன்று வயதில் இனங்காணப்படலாம். அதே குழந்தை இருபது வயதை எட்டும்போது, அவ்வீதியிலுள்ள எந்தக் கந்தோரின் கதவு அதற்குத் திறக்கும் என்னும் வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், இந்நாட்டின் சுற்றறிக்கைகள் சிலவற்றின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டியுள்ளது.

ஓட்டிசம் பற்றிய அறிவு புதியது; ஓட்டிசம் புதியதன்று. மொஸ்கோவில் கிருன்யா சுக்கரேவா என்னும் பெண் மருத்துவர் 1925ஆம் ஆண்டிலேயே இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினாராயினும், 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் பதினொரு சிறுவர்களை விவரித்து எழுதிய கட்டுரையே உலகின் கவனத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் எழுதியது, 1981இல் லோர்னா விங் அதனை எடுத்துக்காட்டும் வரை ஆங்கில உலகில் பெரிதும் அறியப்படாதிருந்தது. இம்முன்னோடிகள் எல்லோரும் எழுதியது சிறுவரைப் பற்றியே. சிறுவர் வளர்வர் என்பதும், வளர்ந்தபின் தொழில் வேண்டுவர் என்பதும் மருத்துவ நூல்களில் நெடுங்காலம் இடம்பெறவில்லை.

கானரின் கட்டுரையில் முதலாவதாகக் குறிக்கப்பட்ட சிறுவனின் வாழ்வு இதற்கு நல்ல சான்று. மிசிசிப்பி மாநிலத்துப் பொறெஸ்ற் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்த டொனல்ட் திரிப்லெற் என்பவரே அவர். பட்டப்படிப்பை முடித்து 1958இல் தம் ஊர் வங்கியில் சேர்ந்து, ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் அதனோடு தொடர்புடையவராயிருந்து, 2023ஆம் ஆண்டு தமது 89ஆவது வயதிற் காலமானார். அவருடன் பணியாற்றியோர் அவருடைய போக்கை அறிந்திருந்தனர். அவர் எண்களில் ஈடுபடுவதையும், சக ஊழியருக்குத் தாமாகவே பட்டப் பெயரும் இலக்கமும் சூட்டுவதையும் இயல்பானதாக ஏற்றுக்கொண்டனர். எவரும் அவ்வங்கியினருக்குப் பயிற்சி அளிக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அவ்வங்கி அவருடைய தாய்வழிக் குடும்பத்தாரின் செல்வாக்கிற்கு உட்பட்டது என்பதையும் மறத்தலாகாது. வங்கியுடைய குடும்பத்திற் பிறந்தவருக்கு ஊரே பழகிக் கொடுத்தது. எஞ்சின் கொட்டகையிற் கூலிவேலை செய்பவரின் மகனுக்கு யார் பழகிக் கொடுப்பது? நற்பேறு செய்யத் தவறுவதை நிறுவனம் செய்தல் வேண்டும். பயிற்சி என்பதன் தேவை இங்கேதான் எழுகின்றது.

இலங்கையில் இத்துறையில் முன்னோடியான ஆய்வுகளுள் ஒன்று பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் அவருடன் இணைந்தோரும் 2009ஆம் ஆண்டு வெளியிட்டது. பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதம் வரையான 374 குழந்தைகளைப் பரிசோதித்த அவ்வாய்வு, 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசத்தைக் கண்டது. சிறியதோர் எண்ணிக்கையினின்று முழு நாட்டுக்கும் முடிவு கூறுதல் பொருந்தாது. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் தகும். அவ்வாய்வுக்கு உட்பட்ட தலைமுறைக் குழந்தைகள் இன்று பதினெட்டு வயதைத் தாண்டிவிட்டனர். சிறுவர் வைத்தியசாலையின் கிளினிக் அட்டை அவர்களுக்கு இனிப் பயன்படாது.

இனி, அரசின் பக்கத்தை நோக்குவோமாயின், இந்நாட்டில் குறைபாடு என்பது நெடுங்காலம் கண்ணாலே காணத்தக்க ஒன்றாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளமை புலனாகும். 1912இல் தொடக்கம் பெற்றுப் பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது செவிப்புலன், விழிப்புலன் அற்றோருக்கான பாடசாலை. வடக்கே கைதடியில் எழுந்த நவீல்ட் பாடசாலையும் அத்தகையதே. 1960களின் இறுதியில் சாதாரண பாடசாலைகளில் ஒருங்கிணைந்த கல்வி தொடங்கியபோதும் முதலிற் கருத்திற் கொள்ளப்பட்டோர் விழிப்புலனற்ற மாணவரே. ஐக்கிய நாடுகள் சபை 1981ஆம் ஆண்டைச் சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாகப் பிரகடனஞ் செய்தது. ஏழாண்டுகளின் பின், 1988இல், பொது நிருவாக அமைச்சின் 27/88ஆம் இலக்கச் சுற்றறிக்கை வெளிவந்தது. அரசாங்க சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களுள் மூன்று வீதத்தை அங்கவீனமுற்றோருக்கு ஒதுக்க வேண்டும் என அது பணித்தது. அக்காலத்தில் இது பெரியதோர் அடியெடுத்துவைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒரு நிபந்தனையுடன் வந்தது. விண்ணப்பதாரி வேண்டிய தகைமைகளை உடையவராயிருத்தலோடு, அவருடைய குறைபாடு கடமையை நிறைவேற்றுவதற்குத் தடையாக அமைதலும் ஆகாது.

தடையா, தடையில்லையா என்று தீர்மானிப்பவர் யார்? நேர்முகப் பரீட்சைச் சபையினர். கால் இழந்த ஒருவர் எழுதுவினைஞராகலாம் என்பதை அவர்கள் எளிதில் உணர்வர். பேனா பிடிப்பது கையே என்பது எவர்க்கும் தெரிந்ததே. கண்ணை நோக்காது, குரலில் ஏற்ற இறக்கமின்றி, கேள்வி கேட்டபின் சற்று நேரம் மௌனமாயிருந்து விடையளிக்கும் ஓர் இளைஞர் கோவைகளைப் பிழையின்றி ஒழுங்குபடுத்த வல்லவர் என்பதை உணர்வதற்கு அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. அவர்கள் கொடியவர்கள் அல்லர், அறியாதவர்கள்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென இயற்றப்பட்டது. தொழிலுக்கு ஆட்சேர்ப்பதிலும் கல்வி நிறுவனங்களில் அனுமதிப்பதிலும் குறைபாடு காரணமாகப் பாரபட்சங் காட்டுதலை அது தடைசெய்தது. அதன் வரைவிலக்கணமோ நுணுகி நோக்கத்தக்கது. உடலாற்றலிலோ உளவாற்றலிலோ உள்ள குறை காரணமாகத் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே உறுதிசெய்துகொள்ள இயலாதவரே அச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர். இதனை 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் அருகில் வைத்துப் படித்தால் விந்தையான ஒரு நிலை தோன்றும். சட்டத்தின் நிழலை நாடுபவர் தமக்கு இயலாமை உண்டென நிறுவ வேண்டும். மூன்று வீதத்தில் இடம் நாடுபவர் அவ்வியலாமை தம் வேலையைத் தீண்டாதென நிறுவ வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் மெய்ப்பிக்க முடியும். ஓட்டிசமுடையவருக்கு அது பெரும்பாடு. அவருடைய குறை வெளியே தெரிவதில்லை. தெரியும்போதோ, அது சரியாக அந்த நேர்முகப் பரீட்சை அறையிலேயே, அவருக்கு எதிரான சான்றாகத் தெரிகின்றது.

இதன்பின் வந்த காலப்பகுதியைக் கட்டடங்களின் காலம் எனலாம். 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களில் சாய்தளம், கைபிடி, அகன்ற வாயில், ஏற்ற கழிப்பறை ஆகியன அமைக்கப்பட வேண்டும் எனக் கூறின. பழைய கட்டடங்களுக்கு மூன்று ஆண்டு தவணை தரப்பட்டது. தவணை கழிந்தும் பெரிதாக எதுவும் நிகழாத நிலையில், 1992இல் வாகனத்தின் மீது மரம் வீழ்ந்து நடமாட்டத்தை இழந்த அஜித் பெரேரா என்பவர் 2009இல் உயர் நீதிமன்றத்தை நாடினார். புதிய பொதுக் கட்டடங்களில் அனைவரும் அணுகத்தக்க வசதிகளை வற்புறுத்தும் கட்டளையை 2011இல் பெற்றார். தனியொருவரின் விடாமுயற்சி சட்டப் புத்தகத்தினின்று ஒரு விதியை வீதிக்கு இறக்கிய நிகழ்வு அது. அதன் பெருமையைக் குறைத்தல் ஆகாது. எனினும் 'அணுகல்' என்றவுடன் சீமெந்தும் செங்கல்லும் மாத்திரமே அதிகாரிகளின் நினைவில் எழும் பழக்கமும் இக்காலத்திலேயே வேரூன்றிற்று. அளவுநாடா கொண்டு அளக்கத்தக்கது எளிது. உத்தியோகத்தரின் நடத்தையை எந்த நாடாவால் அளப்பது?

ஓட்டிசமுடைய ஒருவர் இத்தடைகளையெல்லாம் கடந்து அரச பணியகமொன்றில் நியமனம் பெற்றுவிட்டார் எனக் கொள்வோம். எஞ்சின் கொட்டகையையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒலி உண்டு. டீசல் நெடி உண்டு. அவற்றைக் காதுறையால், இடமாற்றி இருத்துவதால், வேலை நேரத்தைச் சீர்செய்வதால் ஓரளவு தணிக்கலாம். மறுபுறம் அட்டவணை, விதிமுறை, பரிசோதனைப் படிவம், மாறாத ஒழுங்கு ஆகியன சிலருக்கு மிகப் பிடித்தமான சூழலாகவும் அமையலாம். எல்லோருக்கும் அன்று, ஓட்டிசமுடையோர் அனைவரும் புகையிரதப் பித்தர் என்பது பத்திரிகைகள் வளர்த்த கதை. உண்மையான இடர்கள் படிவங்களுக்கு வெளியே உள்ளன. "அந்த வேலையைக் கொஞ்சம் பாருங்கோ" என்று மேற்பார்வையாளர் கூறினால் எந்த வேலையை, எப்பொழுது, எவ்வளவு என்பது கூறப்படவில்லை. தேநீர் நேரத்தில் பகிடிக்குச் சிரிக்காதவர் தலைக்கனம் பிடித்தவராகக் கணிக்கப்படுகின்றார். தகுதிகாண் காலத்தின் முடிவில் எழுதப்படும் அறிக்கையில் "ஒத்துழைப்புப் போதாது" என்னும் ஒரு வரி போதும். பத்தாண்டு முயற்சி அத்துடன் முடிந்துவிடும். திடீர் இடமாற்றம் ஏனைய உத்தியோகத்தருக்குச் சலிப்பைத் தருவது. இவருக்கோ நிலத்தையே பெயர்ப்பது போன்றது.

இவற்றைத் தீர்க்கப் பெரும் பணம் வேண்டியதில்லை. கட்டளையை எழுத்தில் தருதல், மாற்றத்தை முன்கூட்டியே அறிவித்தல், நேர்முகப் பரீட்சைக்கு முன் கேள்விகளின் தன்மையைத் தெரிவித்தல் அல்லது பேச்சுக்குப் பதிலாகச் செய்முறைப் பரீட்சை வைத்தல், ஓசை மிகும்போது சற்று ஒதுங்கியிருக்க ஓரிடம் ஒதுக்கல் முதலியவற்றைச் சாதாரண பிரிவுத் தலைவரே செய்யலாம். செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. வாயிற்காவலர், சிற்றூழியர், எழுதுவினைஞர், பிரிவுத் தலைவர் எனப் படிநிலைதோறும் அவ்வறிவு சென்றடைதல் வேண்டும். ஓட்டிசமுடையவர் ஊழியராக வரினும், கருமபீடத்தின் மறுபுறத்தில் சேவை நாடி வரினும் பயன்படுவது அதே அறிவே.

உத்தியோகத்தருக்குப் புதிதாக ஒன்றைக் கற்பித்தல் இந்நாட்டு நிருவாகத்துக்கு அந்நியமானதொரு கருத்தா எனின், அன்று. அதற்கு முன்னுதாரணம் உண்டு. அதுவும் தமிழர் நன்கறிந்த துறையிலேயே உண்டு. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து, சிங்களத் தேர்ச்சி பெறாத அரசாங்க ஊழியரின் சம்பள ஏற்றத்தை நிறுத்தும் வகையில் 1961இல் திறைசேரிச் சுற்றறிக்கை பிறப்பிக்கப்பட்டது. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்த கோடீஸ்வரன் அப்பரீட்சைக்குத் தோற்றாமையால் தம் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டபோது நீதிமன்றஞ் சென்றார். மாவட்ட நீதிமன்றில் வென்று, உயர் நீதிமன்றில் தோற்று, 1969இல் கோமறை மன்று வரை அவ்வழக்குச் சென்றது. சம்பளத்துக்காக அரசாங்க ஊழியர் வழக்கிடலாம் என அம்மன்று தீர்த்ததேயன்றி, மொழிச் சட்டத்தின் செல்லுபடியைத் தானே தீர்க்கவில்லை. தம் வேலையைச் செவ்வனே செய்துவந்த ஒருவர் வேலையோடு நேரடித் தொடர்பற்ற ஓர் அளவுகோலால் அளக்கப்பட்டார் என்பதே அவ்வழக்கின் உட்பொருள். ஓட்டிசமுடையவரின் நேர்முகப் பரீட்சையும் இத்தகையதே எனின் மிகையாகாது.

அம்மொழி வரலாற்றின் பிற்பகுதி மேலும் பயனுள்ளது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. எனினும் தமிழ் பேசும் பொதுமகன் கந்தோரில் சொல்லிழந்து நிற்கும் நிலை நீங்கவில்லை. பின்னர் பொது நிருவாகச் சுற்றறிக்கை 7/2007, அவ்வாண்டு யூலை முதலாந் திகதியின் பின் சேவையிற் சேர்வோர் ஐந்தாண்டுகளுள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டும் என விதித்தது. அதே ஆண்டில் மொழிக் கல்வி, பயிற்சி நிறுவகத்துக்கான சட்டமும் இயற்றப்பட்டது. நடைமுறையில் குறைகள் மலிந்துள்ளன. அறுபது மணித்தியால வகுப்பால் ஒருவர் தமிழறிஞராகிவிடார் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் தத்துவ அளவில் நிகழ்ந்த மாற்றம் பெரிது. பொதுமகனே கந்தோரின் மொழியைக் கற்றுக்கொண்டு வரட்டும் என்ற நிலை போய், கந்தோரே பொதுமகனின் மொழியைக் கற்கட்டும் என்ற நிலையை அரசு எழுத்தில் ஏற்றுக்கொண்டது. ஓட்டிசமுடையோர் கோருவதும் இதனையொத்த இடமாற்றமே. இதுவரை அவர்கள்தாம் பிறரைப் போல் நடிக்கப் பயிற்றப்பட்டனர். தெமட்டகொடையிலுள்ள தமிழ் பேசும் ஓட்டிச இளைஞருக்கோ இவ்விரு தடைகளும் ஒரே கருமபீடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. தமிழ்மொழி வழியான பேச்சுப் பயிற்சியாளர் அரிதாயிருப்பது இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கது.

பிறநாடுகளில் இக்கருத்து சட்டவடிவமும் பெற்றுள்ளது. இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டு ஓட்டிசச் சட்டமும், அடுத்த ஆண்டு அதன்வழி வந்த அரச உபாயத் திட்டமும் பொதுச் சேவைகளில் உள்ளோருக்கு ஓட்டிசம் பற்றிய பயிற்சியை வலியுறுத்தின. இந்தியாவின் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓட்டிசம் இடம்பெறவே இல்லை. 2016ஆம் ஆண்டின் சட்டம் அதனை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்று, அரச வேலைவாய்ப்பில் ஓட்டிசம் உள்ளிட்ட பிரிவினருக்கு ஒரு வீதத்தை ஒதுக்கியதுடன், நிருவாகிகள், பொலிசார், நீதிபதிகள் முதலானோரின் பயிற்சி நெறிகளில் குறைபாடுடையோர் உரிமைகள் கற்பிக்கப்படல் வேண்டும் என்றும் விதித்தது. தமிழ்நாட்டு அரச ஊழியருக்கும் பொருந்தும் சட்டம் அது. தனியார் துறையிலே சாப் என்னும் ஜெர்மானியக் கணினி நிறுவனம் பெங்களூரில் முன்னோட்டமாக ஓட்டிசமுடையோர் சிலரைச் சேர்த்து, 2013இல் அதனை உலகளாவிய திட்டமாக அறிவித்தது. பாராட்டத்தக்கதே. ஆயினும் கணினி வல்லுநராய் உள்ள ஓட்டிசமுடையோருக்கு மாத்திரம் கதவைத் திறப்பது, பயனுள்ளவரை மட்டும் மனிதராய் மதிப்பதாகிவிடும் அபாயம் உண்டு. அரச பணியகத்தின் கடமை அதனினும் அகன்றது.

இலங்கை 2007இல் கைச்சாத்திட்டு 2016 பெப்ரவரியில் ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும், குறைபாடுடையோருடன் பணியாற்றும் ஊழியருக்குப் பயிற்சியளித்தலை அரசின் பொதுக் கடப்பாடுகளுள் ஒன்றாகவே கூறுகின்றது. அதற்கிசைந்த புதிய சட்டம் பல ஆண்டுகளாக வரைவு நிலையிலேயே உழன்று வந்தது. சட்டம் வரும்வரை காத்திருத்தல் அவசியமில்லை என்பதற்கு 1988ஆம் ஆண்டும் 2007ஆம் ஆண்டும் சாட்சி. அவ்விரு மாற்றங்களையும் கொணர்ந்தவை சுற்றறிக்கைகளே.

பயிற்சிக்கு இடமும் உண்டு. 1966இல் நிருவாகக் கற்கைக் கழகமாகத் தோன்றி, 1982ஆம் ஆண்டின் சட்டத்தால் உருப்பெற்ற இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவகம் உயர் உத்தியோகத்தரைப் பயிற்றுகின்றது. கீழ்நிலை ஊழியருக்கு வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை இருக்கின்றது. தாபன விதிக்கோவையை மனனஞ் செய்து அப்பரீட்சையைக் கடப்பவர், அதனுடன் ஓரிரு அத்தியாயங்களைக் கூடுதலாகக் கற்பதில் இடரேதுமில்லை. அரைநாள் விரிவுரையும் பொதி செய்யப்பட்ட மதியபோசனமும் பயிற்சியாகா என்பதை மட்டும் முன்கூட்டியே கூறிவைத்தல் நன்று. பேசக்கூடிய, எழுதக்கூடிய ஓட்டிசமுடையோர் தாமே அவ்வகுப்புகளில் ஆசிரியராய் அமர வேண்டும். பேச இயலாதோரின் பெற்றோரும் அங்கு அழைக்கப்பட வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பு, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 16 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஏதோவொரு செயற்பாட்டில் இடர்ப்படுவதாகக் காட்டிற்று. பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவிற் கொள்ளல், தன்னைப் பராமரித்தல், தொடர்பாடல் என ஆறு வினாக்கள் அதிற் கேட்கப்பட்டன. ஓட்டிசம் என்றொரு கட்டம் அப்படிவத்தில் இருக்கவில்லை. தெமட்டகொடையில் வீடுவீடாகச் சென்ற கணக்கெடுப்பாளர், ஓட்டிசமுடைய பிள்ளை இருந்த வீட்டில் எந்தக் கட்டத்தில் அடையாளமிட்டார் என்பது அவ்வீட்டாருக்கே வெளிச்சம்.